ஓய்வுநாளில் யார் வேலை செய்கிறார்கள்?

ஓய்வைப் பற்றி இப்போது எல்லாரும் நல்லவிதமாகவே பேசுகிறார்கள். நிறுவனங்கள் மனநல வாரம் நடத்துகின்றன. தூக்கத்துக்கு ஒரு செயலி, தியானத்துக்கு இன்னொரு செயலி. மேலாளர்களே வெள்ளிக்கிழமை மாலை "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அதன் மீதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: "நல்லா ரெஸ்ட் எடுத்துட்டு திங்கட்கிழமை ஃப்ரெஷ்ஷா வாங்க." இந்தப் பேச்சில் ஓய்வு என்பது கைபேசிக்குச் சார்ஜ் போடுவது மாதிரி. யாரும் கைபேசியின் நலனுக்காகச் சார்ஜ் போடுவதில்லை, மறுநாள் அதை வைத்து வேலை வாங்கத்தான்.

ஓய்வுநாளை ஒரு கட்டளையாகக் கேட்டு வளர்ந்த ஆள் நான். அதனால் இது காதில் விழும்போதெல்லாம் எங்கேயோ இடிக்கும். பத்துக் கட்டளைகளில் வரும் அந்தக் கட்டளை, "ஓய்ந்திருந்தால் இன்னும் நன்றாக உழைப்பாய்" என்று எங்கேயும் சொல்லவில்லை. லாபம் கூடும் என்று ஆசை காட்டவும் இல்லை. அதில் இருப்பது ஒரு பட்டியல்: நீ, உன் குமாரன், உன் குமாரத்தி, உன் வேலைக்காரன், உன் வேலைக்காரி, உன் மிருகஜீவன், உன் வாசல்களில் இருக்கிற அந்நியன். சின்ன வயதில் மனப்பாடமாக ஒப்பிக்கும்போது இந்தப் பட்டியலை மூச்சுவிடாமல் தாண்டிப் போவோம். கட்டளையின் உயிரே அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். "நீ ஓய்ந்திரு" என்று மட்டும் சொல்லியிருந்தால் அது தனிமனித நலனுக்கான ஆலோசனையாக நின்றிருக்கும். உன்னிடம் வேலை செய்பவரையும் விடு என்று சொல்லும்போது அது முதலாளியின் கையைப் பிடித்து நிறுத்துகிறது.

வேதாகமத்தில் இந்தக் கட்டளை இரண்டு இடங்களில் வருகிறது. காரணம் மட்டும் வேறு வேறு. யாத்திராகமம் 20-ல் காரணம் படைப்பு: கடவுள் ஆறு நாளில் உலகை உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார், ஆகவே நீயும் ஓய்ந்திரு. உபாகமம் 5-ல் காரணம் எகிப்து: நீ அங்கே அடிமையாய் இருந்தாய், அதை நினைத்துக்கொள், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும். முதல் காரணத்தைப் பிரசங்கங்களில் நிறையக் கேட்டிருக்கிறேன். இரண்டாவதைக் கேட்டது குறைவு. லாபத்தைச் சுற்றியே ஓடும் இந்தக் காலத்துக்கு இரண்டாவதுதான் அதிகம் தேவைப்படுகிறது.

எகிப்தில் அடிமைகளாய் இருந்த இஸ்ரவேலர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று பாருங்கள். பித்தோம், ராமசேஸ் என்று இரண்டு பண்டசாலைப் பட்டணங்களைக் கட்டினார்கள். கிடங்குகள்! ராஜாவிடம் ஏற்கெனவே சேர்ந்திருப்பதைப் போட்டு வைக்க இன்னும் இடம் வேண்டும், அதற்காக ஒரு சனமே செங்கல் அறுத்தது. அவர்களின் தலைவர்களான மோசேயும் ஆரோனும் எகிப்து ராஜாவான பார்வோனிடம் போய், வனாந்தரத்தில் மூன்று நாள் பயணம் போய் வழிபட்டு வர அனுமதி கேட்டார்கள். பார்வோன் கொடுத்த பதிலை யாத்திராகமம் 5-ல் வாசிக்கும்போது ஏதோ அலுவலகக் கூட்டத்தில் கேட்டது போலவே இருக்கும். இவர்கள் சோம்பேறிகள், வேலை போதாததால்தான் இப்படியெல்லாம் கேட்கத் தோன்றுகிறது. இனி செங்கலுக்கு வேண்டிய வைக்கோலைக் கொடுக்காதீர்கள், அவர்களே போய்ப் பொறுக்கட்டும். ஆனால் செங்கல் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையக் கூடாது. கணக்கு குறைந்தபோது அடி விழுந்தது யாருக்கு? மக்களிலிருந்தே ஆளோட்டிகள் நியமித்திருந்த மேற்பார்வையாளர்களுக்கு. மேலே இருந்து வரும் இலக்கு மாறாது, அதை எட்டத் தேவையான ஆளும் நேரமும் மட்டும் குறைந்துகொண்டே வரும், நடுவில் நிற்கிறவர் அடி வாங்குவார். இதை அனுபவித்தவர்களுக்கு யாத்திராகமத்தின் அந்த அதிகாரத்துக்கு விளக்கவுரை தேவையில்லை.

அந்த மக்கள்தான் வெளியே வந்ததும் ஏழாம் நாளைப் பெறுகிறார்கள். வனாந்தரத்தில் கிடைத்த மன்னா என்னும் உணவின் விதியும் அதையே பழக்குகிறது: அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சேர், மறுநாளுக்கு என்று பதுக்கினால் புழுத்துப் போகும், ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பாகச் சேர்க்கலாம், ஏழாம் நாளில் வெளியே போனால் ஒன்றும் கிடைக்காது. சிலர் அப்படியும் போய்ப் பார்த்தார்களாம். அவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருவதில்லை. நானூறு வருட அடிமைப் பழக்கம் ஒரே வாரத்தில் கையை விட்டுப் போகுமா?

சரி, எகிப்தை விட்டு வந்தாயிற்று, சொந்த நிலம் கிடைத்தாயிற்று, அப்புறம் என்ன ஆயிற்று? ஆமோஸ் தீர்க்கதரிசி 8-ம் அதிகாரத்தில் தானிய வியாபாரிகளைப் பற்றிச் சொல்கிறார். அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை. கடையை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் உட்கார்ந்தபடியே, இந்த நாள் எப்போது முடியும், எப்போது கோதுமையை விற்கலாம், மரக்காலை எப்படிச் சிறிதாக்கலாம், தராசில் எப்படிக் கள்ளம் செய்யலாம், பதரை எப்படித் தள்ளிவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். உடம்பு ஓய்வில், மனசு கடையில். வேதாகமத்தில் ஓய்வுநாளைப் பற்றி வரும் இடங்களிலேயே என்னை அதிகம் தைப்பது இதுதான். ஏனென்றால் பொறுமையில்லாமல் காத்திருக்கும் அந்த வியாபாரியும் கள்ளத்தராசு பிடிப்பவனும் ஒரே ஆள். ஒரு நாள் லாபத்தை விடவே மனசு வராதவன், ஏழையின் மரக்காலில் கை வைக்கத் தயங்க மாட்டான் என்று ஆமோஸ் பார்த்திருக்கிறார்.

பிற்பாடு யூதாவின் அதிபதியாக இருந்த நெகேமியாவின் காலத்தில் சங்கதி வேறு மாதிரி. ஓய்வுநாளில் எருசலேமில் திராட்சை ஆலை மிதிக்கிறார்கள், தானியம் சுமந்து வருகிறார்கள், தீரு பட்டணத்து வியாபாரிகள் மீன் விற்கிறார்கள். நெகேமியா என்ன செய்தார்? முதலில் யூதாவின் பெரியவர்களைக் கடிந்துகொண்டார், அப்புறம் பொழுது சாய்ந்ததும் பட்டணத்து வாசல்களை மூடச் சொல்லி ஆள் நிறுத்தினார். வியாபாரிகள் ஒன்றிரண்டு முறை மதிலுக்கு வெளியே இராத் தங்கிப் பார்த்தார்கள். மறுபடி இப்படிச் செய்தால் கை போடுவேன் என்று எச்சரித்ததும் வருவதை நிறுத்திவிட்டார்கள். தனிமனித ஒழுக்கத்தை நம்பி விடாமல் அவர் கதவைச் சாத்தினார். கதவு திறந்திருந்தால், கடை திறக்காதவனுக்குத்தான் நஷ்டம்.

யூதர்கள் இந்த நாளை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். நாள் வெள்ளிக்கிழமை சூரிய அஸ்தமனத்தோடு தொடங்குகிறது. அதற்குச் சற்று முன்பே, வழக்கமாகப் பதினெட்டு நிமிடம் முன்பு, வீட்டில் விளக்கேற்றிவிடுவார்கள். அதற்கு மேல் நெருப்பு மூட்டுவதில்லை. மிஷ்னா என்னும் பழைய சட்டத் தொகுப்பு 39 வகை வேலைகளைத் தவிர்க்கச் சொல்கிறது: உழுதல், விதைத்தல், அறுத்தல், மாவு பிசைதல், நூல் நூற்றல், முடிச்சுப் போடுதல், முடிச்சை அவிழ்த்தல், இரண்டு எழுத்து எழுதுதல், எழுதியதை அழித்தல் இப்படி. கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்கள் அன்று பணத்தைக் கையால் தொடுவதுகூட இல்லை. சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரம் தெரிந்த பிறகுதான் எல்லாம் மறுபடி தொடங்கும். இதில் எனக்குப் பிடித்தது, நாள் மாலையில் தொடங்குகிறது என்பது. ஓய்வுநாளில் முதலில் செய்வது உட்காருவதும் சாப்பிடுவதும் தூங்குவதும்தான். எதையும் சாதித்துக் காட்டி அந்த நாளைச் சம்பாதிக்க வேண்டியதில்லை.

நெருப்பு மூட்டாதே என்ற விதியைப் பார்த்து, இவ்வளவு கெடுபிடியா என்று பலர் கேட்பார்கள். அடுப்பின் முன்னால் நிற்பவரிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும். ஏழாம் நாளுக்கு வேண்டியதை முந்தின நாளே சுட்டு, வேகவைத்து வைத்துவிடச் சொல்கிறது யாத்திராகமம் 16. கட்டளையின் பட்டியலில் மகன், மகள், வேலைக்காரர், மாடு, கழுதை எல்லாரும் உண்டு, மனைவியின் பெயர் மட்டும் தனியாக இல்லை. "நீ" என்பதில் அவளும் அடக்கம் என்று வியாக்கியானம் சொல்வார்கள், நானும் அதை ஏற்கிறேன். ஆனால் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும் வீட்டில் அந்த "நீ" அவள் வரைக்கும் எட்டுவதே இல்லை. அடுப்பு மூட்டாதே என்ற விதிதான் அவளை உள்ளே கொண்டுவந்தது. முந்தின நாள் அவளுக்கு வேலை இரட்டிப்பாகும் என்பதும் உண்மை. அதைப் பங்கு போட வீட்டில் மற்றவர்களுக்கும் கை இருக்கிறது.

ஞாயிறை ஓய்வுநாளாக வைத்திருக்கும் எங்கள் தேவாலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தேன். "ஞாயித்துக்கிழமை லீவு உண்டாக்கா?" என்று கேட்டேன்.

"லீவா? ரெண்டு வீடு முடிச்சிட்டுத்தான் தம்பி இங்க வர்றேன். எல்லாரும் வீட்ல இருக்கிற நாளாச்சே, அன்னைக்குத்தான் பாத்திரம் ஜாஸ்தி விழும்."

அந்த இரண்டு வீட்டில் ஒன்று, அதே ஆராதனைக்கு வரும் குடும்பத்தினுடையது. அந்தக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை அலுவலக வேலை பார்க்காது, வியாபாரம் செய்யாது. அவர்களைக் கேட்டால் ஓய்வுநாளை மனசார ஆசரிக்கிறோம் என்றுதான் சொல்வார்கள். கட்டளை சொல்லும் வேலைக்காரி அவர்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் இடத்தில் நிற்கிறார் என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. கைபேசியில் ஆர்டர் போட்டுவிட்டுச் சாய்ந்து உட்காருகிற எல்லாருக்கும் இது பொருந்தும். கொண்டுவந்து தருபவர் கதவைத் தட்டும்போது நம் வாசலில்தான் நிற்கிறார்.

இன்னொரு விஷயம், எல்லாரும் சேர்ந்து ஓய்வது. ஓய்வு கிடைத்தால் போதும், எந்த நாள் என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு வரலாறு இரண்டு முறை பதில் சொல்லியிருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793-ல் ஏழு நாள் வாரத்தை எடுத்துவிட்டுப் பத்து நாள் வாரம் கொண்டுவந்தது. மக்கள் பழைய ஞாயிற்றை விடவில்லை. 1806 தொடக்கத்தில் அந்த நாட்காட்டியே கைவிடப்பட்டது. சோவியத் ஒன்றியத்தில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. 1929-ல் இயந்திரங்கள் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்பதற்காக ஐந்து நாள் சுழற்சி கொண்டுவந்தார்கள். தொழிலாளர்களை ஐந்து வண்ணக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு நாள் விடுமுறை. கணக்குப்படி பார்த்தால் இது லாபம்: ஏழு நாளில் ஒன்றுக்குப் பதிலாக ஐந்து நாளில் ஒன்று. ஆனால் கணவனுக்கு மஞ்சள், மனைவிக்குப் பச்சை என்றால் இருவரும் ஒரே நாளில் வீட்டில் இருக்கவே முடியாது. நண்பர்கள் கூட முடியாது. வழிபாட்டுக்குக் கூடுவதும் கடினமானது, அரசு விரும்பியதும் அதைத்தான். 1931-ல் எல்லாருக்கும் பொதுவான விடுமுறையோடு ஆறு நாள் சுழற்சிக்கு மாறினார்கள். 1940-ல் ஏழு நாள் வாரமும் ஞாயிறும் திரும்பி வந்தன. லாபத்துக்காக அல்லாமல் திட்டத்துக்காக நடந்ததுதான், ஆனாலும் நிற்காத இயந்திரம் எந்தக் கொள்கையின் கையில் இருந்தாலும் முதலில் கேட்பது அந்தப் பொது நாளைத்தான். இன்று ஷிஃப்ட் அட்டவணையில் வேலை செய்யும் எத்தனையோ குடும்பங்கள் அந்த வண்ணச் சீட்டுகளோடுதான் வாழ்கின்றன, சீட்டு மட்டும்தான் கையில் இல்லை.

மத நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இது எதற்கு என்று கேட்கலாம். வாராந்தர விடுமுறைக்காகப் போராடியவர்களில் பெரும்பாலோர் கோயிலுக்காகவோ தேவாலயத்துக்காகவோ போராடவில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக 1884-ல் நாராயண் மேகாஜி லோகண்டே வைத்த கோரிக்கைகளில் ஞாயிறு விடுமுறையும் ஒன்று. 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் அதற்கு இணங்கினார்கள். 1921-ல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, ஏழு நாளில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு என்று உடன்படிக்கை போட்டது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, கூடிய மட்டும் ஒரு நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளருக்கும் ஒரே சமயத்தில் அந்த ஓய்வைக் கொடுக்க வேண்டும், அந்தந்த நாட்டின் வழக்கமான ஓய்வு நாளோடு அது பொருந்தி வர வேண்டும் என்ற விதி. ஓய்வைத் துண்டு துண்டாகக் கொடுத்தால் போதாது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

நெகேமியா சாத்தியது போன்ற கதவு நம் காலத்தில் எப்படித் திறந்தது என்பதற்கு இங்கிலாந்து நல்ல உதாரணம். மார்கரெட் தாட்சர் அரசு 1986-ல் ஞாயிற்றுக்கிழமைக் கடைத் தடையை நீக்க ஒரு மசோதா கொண்டுவந்தது. தொழிற்சங்கங்களும் தேவாலயங்களும் சேர்ந்து எதிர்த்தன. பெரும்பான்மை கையில் இருந்தும் அரசு 14 வாக்கில் தோற்றது. ஆனால் 1994-ல் சட்டம் மாறி, பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் திறக்கலாம் என்று ஆயிற்று. ஜெர்மனி எதிர்ப்பக்கம் நிற்கிறது. அங்கே ஞாயிறு அரசியலமைப்பின் பாதுகாப்பில் இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்க பெர்லின் அனுமதித்தபோது, 2009 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைத் தடுத்தது. கடைக்காரரின் வருமான ஆசையும் வாங்குபவரின் அன்றாட ஷாப்பிங் ஆசையும் மட்டும் அந்த நாளை உடைக்கப் போதுமான காரணங்கள் ஆகாது என்றது. நெகேமியா இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பை விரும்பி வாசித்திருப்பார்.

"வேலை செய்ய விரும்புகிறவரை ஏன் தடுக்க வேண்டும், கூடுதல் காசு கிடைக்கிறதே" என்பது எப்போதும் வரும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் விருப்பம் என்பது எவ்வளவு விருப்பம் என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் 2013 முதல் வீட்டுப் பணியாளர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டமானது. இரு தரப்பும் சம்மதித்தால் ஓய்வுக்குப் பதில் பணம் கொடுத்துவிடலாம் என்ற வழியும் கூடவே இருந்தது. 2023-ல் சட்டத்தைத் திருத்தி, மாதத்தில் ஒரு நாளையாவது பணத்தால் ஈடு செய்யவே முடியாது என்றார்கள். முதலாளியின் வீட்டிலேயே தூங்கி எழும் ஒருவர், "இந்த வாரமும் இருந்துடேன்" என்ற சொல்லுக்கு எப்படி மறுப்புச் சொல்வார்? அவர் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லாமல், விற்க முடியாத ஒரு நாளாக அது இருந்தால்தான் அவருக்குப் பாதுகாப்பு. மாதத்தில் ஒன்றே ஒன்று என்பது மிகக் குறைவு என்பேன். ஆனால் எந்த விலைக்கும் விற்க முடியாத நாள் என்று சட்டப் புத்தகத்தில் ஏறியது பெரிய விஷயம்.

உற்பத்தியைக் காட்டி வாதாடவும் நிறைய ஆதாரம் உண்டு. முதல் உலகப் போரின்போது ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் உடல்நலத்தை ஆராய 1915-ல் பிரிட்டனில் ஒரு குழு அமைத்தார்கள். போர் நடுவிலேயே அவர்கள் ஞாயிறு ஓய்வைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். உலக சுகாதார அமைப்பும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் 2016-ல் மட்டும் பக்கவாதத்திலும் இதய நோயிலும் சுமார் 7,45,000 பேர் இறந்ததாக மதிப்பிட்டது. இறந்தவர்களின் இந்த எண்ணிக்கையைப் படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆனாலும் ஓய்வுக்காக வாதாடும்போது உற்பத்திக் கணக்கை முன்னால் வைக்க எனக்கு மனசில்லை. நாளைக்கே யாராவது, இந்தத் தொழிலில் ஓய்வில்லாமல் வேலை வாங்கினால்தான் லாபம் என்று நிரூபித்துவிட்டால்? அப்போது நம் வாதமே கவிழ்ந்துவிடும். உழவு காலத்திலும் அறுப்பு காலத்திலும்கூட ஓய்ந்திரு என்கிறது யாத்திராகமம் 34. விவசாயிகளிடம் பேசிய அந்தக் கட்டளைக்கு, அறுவடை நேரத்தில் ஒரு நாள் நின்றால் நஷ்டம் வரலாம் என்று தெரியாதா? தெரிந்தேதான் சொல்கிறது.

மருத்துவமனை, தீயணைப்பு, இரவில் ஓட வேண்டிய ரயில் எல்லாம் என்னாவது? உயிரைக் காப்பது ஓய்வுநாளைவிட மேலானது என்பது யூத மரபிலேயே உறுதியான விதி. பதினெட்டு வருடமாகக் கூனிப் போயிருந்த பெண்ணை இயேசு ஓய்வுநாளில் குணமாக்கியதும், ஜெப ஆலயத் தலைவன் கோபப்பட்டான். இயேசு மாட்டையும் கழுதையையும் காட்டிக் கேட்டார்: அவற்றை அவிழ்த்துக்கொண்டு போய்த் தண்ணீர் காட்டுகிறீர்களே, இந்தப் பெண்ணைக் கட்டவிழ்க்கக் கூடாதா? மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது என்று அவர் சொன்னதை, எந்த நாளும் வேலை செய்யலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டாகச் சிலர் நீட்டுவார்கள். அவர் அந்த நாளைக் கட்டவிழ்ப்பதற்குப் பயன்படுத்தினார். நாமோ அந்த வசனத்தைக் காட்டி ஆளைக் கட்டிப்போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரு செவிலியர் பணியில் இருப்பது வேறு, ஒரு சட்டை மறுநாள் மதியத்துக்குப் பதில் மறுநாள் காலையிலேயே வந்து சேர்வதற்காகக் கிடங்கில் ஒருவர் விழித்திருப்பது வேறு.

எங்கள் வீட்டில் இப்போது சனிக்கிழமை இரவோடு எதையும் ஆர்டர் செய்வது நின்றுவிடும். ஞாயிற்றுக்கிழமை யாரையும் எங்கள் பொருட்டு வேலைக்கு வரச் சொல்வதில்லை, அந்த நாளுக்கான சம்பளத்தைப் பிடிப்பதும் இல்லை. மத்தியானம் மூன்று மணிவாக்கில் பொழுது போகாமல் கை தானாகக் கைபேசியைத் தேடும். அந்த நேரத்தைத் தாண்டிவிட்டால் யாராவது பேச ஆரம்பிப்பார்கள், இல்லாவிட்டால் தூங்குவோம்.

அலுவலகத்தில் இதைக் கொண்டுவருவதுதான் கஷ்டம். எங்கள் குழுவுக்குத் திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு வாராந்தரக் கூட்டம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யுங்கள் என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் ஒன்பதரைக்கு அறிக்கை தயாராக இருக்க வேண்டுமென்றால் அது எப்போது தயாராகும்? ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் குழுவில் ஒவ்வொருவராகப் பச்சைப் புள்ளியோடு தோன்றுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருப்பவர்கள் பத்து மணிக்கு மேல் வருவார்கள். கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றலாம் என்று கேட்டேன். மதக் காரணம் எதுவும் சொல்லவில்லை, அந்தப் பச்சைப் புள்ளிகளைக் காட்டினேன். மேலாளர் யோசித்துவிட்டுச் சரி என்றார். பக்கத்துக் குழுவில் இன்னும் திங்கட்கிழமை ஒன்பதரைதான். அவர்களின் அறிக்கைக்கு வேண்டிய எண்கள் எங்களிடமிருந்துதான் போகின்றன, அதனால் ஞாயிறு இரவு இன்னமும் எங்களில் ஒருவருக்கு அழைப்பு வருகிறது. அந்த எண்களை வெள்ளிக்கிழமை மதியமே அனுப்பிவிடலாமா என்று இந்த வாரம் அவர்களிடம் பேசப் போகிறோம்.